முதல் காட்சியில் யார் எங்கே நிற்பது

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அண்ணன். வெளியே வாசலில் தம்பி. நிலத்தை விற்கிற பேச்சு. "என்னுங்ணா, வெல பேசி முடிச்சாச்சுங்களா?" என்பதுதான் படத்தின் முதல் வசனம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வி வருவதற்குள் யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிட வேண்டும். பல குறும்படங்களில் தெரிவதில்லை. கேமராவை முதலில் ஊன்றிவிட்டு ஆட்களை அதற்குள் அடைக்கப் பார்ப்பதால் வரும் கோளாறு இது. ட்ரைபாட் வண்டியிலேயே கிடக்கட்டும். நடிகர்களை முதலில் நடக்கவிட்டுப் பாருங்கள்.

அதிகம் நடக்கிற தவறு, இருவரையும் கல்யாண போட்டோ மாதிரி ஒரே வரிசையில் நிறுத்துவது. கேமராவிலிருந்து தம்பி 4 அடியில், அண்ணன் 16 அடியில் இருக்கட்டும். திரையில் அண்ணன், தம்பியில் கால்வாசி அளவுதான் தெரிவார். இருவரையும் அசைக்காமல் கேமராவை 20 அடி பின்னுக்குக் கொண்டுபோனால் தூரம் 24-ம் 36-ம் ஆகிறது. அண்ணன் மூன்றில் இரண்டு பங்காக வளர்ந்து தம்பி தோள்மேலேயே வந்து உட்கார்ந்த மாதிரி இருப்பார். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லாங் லென்ஸ் செய்த வேலை என்பார்கள். செய்தது தூரம்; லென்ஸ் அதில் ஒரு துண்டை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். அண்ணன் எட்டாத ஆள் என்றால் முதல் அமைப்பு. அண்ணனை மீறித் தம்பியால் மூச்சுவிட முடியாது என்றால் இரண்டாவது.

கேமரா உயரத்தை யாரும் முடிவு செய்வதே இல்லை. ஒளிப்பதிவாளர் நின்றால் கண் வரும் 5 அடியிலேயே அது நின்றுவிடுகிறது. கட்டிலில் உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் வீட்டுக்குப் பெரியவர் பரிதாபத்துக்குரியவராகிவிடுவார். 3 அடிக்கு இறக்குங்கள்.

உச்சி வெயிலில் தம்பியை வாசலில் நிறுத்தினால் கண்குழி இரண்டும் கருத்துப்போகும். காலை எட்டரைக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் எடுப்பது நல்லது. அண்ணன் கட்டிலை நிலைப்படியிலிருந்து 2 அடி உள்ளே போட்டால் வாசல் வெளிச்சம் முகத்துக்கு வரும். 6 அடி தள்ளினால் ஆள் இருட்டில் கரைவார். செம்மண் தரையில் பட்டு வரும் வெளிச்சம் முகத்தில் சிவப்பேற்றும். வேண்டாமென்றால் பிரேமுக்கு வெளியே 8-க்கு 8 அடி வெள்ளைத் துணியைத் தரையில் விரியுங்கள். புது வேட்டி வெயிலில் வெளிறி, மடிப்பே இல்லாத வெள்ளைத் திட்டாகும். டீ டிகாக்‌ஷனில் முக்கிக் காயவைத்தால் அடங்கும்.

தென்னந்தோப்பு மேல் ட்ரோன் பறந்து தொடங்கும் படங்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பார்வை கதையில் யாருடையது? விட மனமில்லையென்றால் ஐந்தாறு விநாடியோடு நிறுத்துங்கள். அதற்குள்ளும் மண்பாதையில் ஒரு மொபெட்டாவது போகட்டும். சூலூர் விமானப்படைத் தளம், கோவை விமான நிலையம் பக்கமென்றால் முன் அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுக்கவே கூடாது.

முதல் நிமிடத்திலேயே காங்கேயம் காளை, ரேக்ளா வண்டி, மஞ்சள் மூட்டை என்று நிரப்பினால் சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும். கதாபாத்திரத்தின் கை படாத பொருளை எடுத்துவிடலாம். ஊர் மாற்றி எடுத்து ஒட்டுவதும் உள்ளூர்க்காரர் கண்ணுக்குத் தப்பாது: கொடிவேரித் தண்ணீரில் விளையும் கோபி நெல்வயலையும், வெள்வேல் மரம் நிற்கும் கொறங்காட்டையும் (மானாவாரி மேய்ச்சல் நிலம்) ஒரே தோட்டம் என்றால் சிரிப்பார்கள். தறிக்குடோனில் தொடங்கும் கதையென்றால் குழல்விளக்கு மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 24 பிரேமில் எடுக்கும்போது, ஒவ்வொரு பிரேமிலும் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷட்டரை 172.8 டிகிரியில், அதாவது 1/50 விநாடியில் வையுங்கள்.

இருவரும் வெளியே வந்து கிளுவை வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்கிறார்களா? ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, கேமராவை அதற்கு ஒரே பக்கம் வையுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் தெரியும். தாண்டியே ஆக வேண்டுமென்றால் தம்பி படலைத் திறந்துகொண்டு நடக்கட்டும், கேமரா அவன்கூடவே போகட்டும். மண்ணில் டேப் ஒட்டாது. நிற்கிற இடத்துக்கு அடையாளமாக ஒரு கூழாங்கல் போதும், கால் பட்டாலே நடிகருக்குத் தெரிந்துவிடும்.