அப்பாவைப் பற்றி எட்டுப் பக்கம்: நினைவு மலர் எழுதப் போகிறவர்களுக்கு

தருமபுரியில் 18 வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். சாவு வீட்டிலிருந்து வருகிறவர் பைக்கை ஆஃப் பண்ணாமலே போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "வழக்கமா போடறதையே போட்டுடுங்கக்கா" என்பார். வழக்கமாகப் போடுவதற்கு என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் இருக்கிறது. அன்பான கணவர், பாசமிகு தந்தை, ஆலயப்பற்று மிக்கவர். பெயரையும் தேதியையும் மாற்றினால் அடுத்த வீட்டுக்கு ஆகிவிடும். போன வருடம் எங்கள் அப்பா போனபோது அதே ஃபைலைத் திறந்து அவர் பெயரை அடித்துப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய அப்பா மாதிரி இருந்தது. மூடிவிட்டேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். முப்பதாம் நாள் பூசைக்குள் எட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன மலர் கொண்டுவந்தோம். அதற்குப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

எடுத்தவுடன் எழுத உட்காராதீர்கள். உங்கள் பகுதிக்கான பங்குக் கோயில் ஆபீசுக்குப் போய், சாமியாரிடம் (பாதிரியாரைத்தான் அப்படிச் சொல்வோம்) கேட்டு, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிற ஞானப் பெற்றோர் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். திருமணம் நடந்ததையும் அதிலேயே ஓரத்தில் குறித்து வைத்திருப்பார்கள். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த நாள் ஜூன் 1. அது பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட வாத்தியார் கொடுத்த பிறந்த நாள். பதிவேட்டில் 1951 நவம்பர் என்று இருந்தது. அவருடைய ஞானத்தகப்பன் யார் என்பதும் அங்கேதான் தெரிந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஊரை எழுதும்போது கவனம் வேண்டும். "கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 1948-ல் பிறந்தார்" என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். தருமபுரியே 1965 வரை சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. மறைமாவட்டமும், அதாவது ஒரு ஆயருக்குக் கீழே வருகிற கோயில்களின் எல்லையும், அப்படித்தான். தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-ல். ஆக எங்கள் அப்பாவுக்கு ஞானஸ்நானம் சேலம் மறைமாவட்டத்தில், அடக்கம் தருமபுரி மறைமாவட்டத்தில். கோயில் மட்டும் அதேதான்.

அடுத்தது வீட்டு ஆட்களிடம் பேசுவது. "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று அம்மாவைக் கேட்டேன். "நல்ல மனுசன் கண்ணு" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். கேள்வியில்தான் தப்பு. மறுநாள் வேறு மாதிரி கேட்டேன்: "ராத்திரி கடைசி டிரிப் முடிச்சு வந்தா, உள்ள நுழைஞ்சதும் என்னம்மா பண்ணுவாரு?" அம்மா யோசிக்கவே இல்லை. "செருப்பைக் கையில தூக்கிட்டு வருவாரு, நீங்க முழிச்சுக்குவீங்கன்னு. போர்வைக்கு வெளிய இருக்கிற காலையெல்லாம் எண்ணுவாரு. ஆறு இருந்தாத்தான் சோத்துல கை வைப்பாரு." நாங்கள் மூன்று பேர். இந்த விஷயம் எனக்கு 47 வயதில் தெரியவருகிறது. குணத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். காலை ஐந்து மணிக்கு என்ன செய்வார், சம்பளத் தேதியில் என்ன வாங்கி வருவார், களி கிண்டிய அன்று எத்தனை உருண்டை, கோபம் வந்தால் எங்கே போய் நிற்பார்.

சொந்தக்காரர்களோடு நிறுத்திவிடவும் கூடாது. அப்பாவுக்குப் பாதி சர்வீஸ் பென்னாகரம் ரூட்டில். கூட வேலை பார்த்த டிரைவர் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்பாதான் டூட்டி பார்ப்பாராம். பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அந்த டிரைவரின் தம்பி அப்பாவுக்குப் பதிலாக ஏறுவாராம். இந்த ஒப்பந்தம் 20 வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அப்பாவுக்குத் தீபாவளியன்று ஏன் லீவே கிடைப்பதில்லை என்று சின்ன வயதில் நான் அழுதிருக்கிறேன்.

ஆலயப்பற்று என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஞாயிறு தவறாமல் போவார் என்று எழுதுவதும் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரிதான். போய் என்ன செய்வார்? எங்கள் அப்பா பூசை முடிந்ததும் சாக்ரிஸ்தியில் (பீடத்தை ஒட்டிய அறை) காணிக்கை எண்ணுவார். மற்றவர்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க, இவர் சில்லறையைப் பத்துப் பத்தாகப் பார்க்காமலே அடுக்கிவிடுவார். விரலே சொல்லிவிடும். காணிக்கைத் தட்டில் அவர் போடுகிற நோட்டும் கண்டக்டர் நோட்டுதான்: நீளவாக்கில் மடித்து, விரலிடுக்கில் செருகி. பூசையில் சாமியாருக்கு உதவுகிற பீடச் சிறுவனாக இருந்த காலத்தில் பூசை லத்தீனில். மனப்பாடம் செய்த பதில்கள் கடைசிவரை மறக்கவில்லை. அம்மா காபி டம்ளரை நீட்டினால் "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்பார். சாமியார் சொல்லும் வாழ்த்துக்கு மக்கள் சொல்கிற பதில் அது. அம்மாவுக்கு அது ஏதோ திட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைப்பு.

குறைகளை எழுதலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு குறைகூட இல்லாத ஆளை, அவரோடு வாழ்ந்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார் என்றால் எழுதுங்கள். எங்கள் அப்பா பிரசங்கத்தில் தூங்குவார். சனிக்கிழமை நைட் டூட்டி என்று காரணம் சொல்வார். ரிட்டயர் ஆன பிறகும் தூங்கினார். அதை எழுதினோம். குறையில் இன்னொருவர் சம்பந்தப்பட்டிருந்தால் அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து அப்பாவும் சித்தப்பாவும் நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, "எழுதிக்கோ. மோட்டார் யாருதுன்னு மட்டும் எழுதாத" என்றார். எழுதவில்லை.

வசனம் தேர்வு செய்ய அவருடைய பைபிளைத் திறந்து பாருங்கள். "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்ற வரியை எத்தனை கார்டில் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அப்பாவின் பைபிளில் அடையாளத்துக்கு வைத்திருந்தவை பழைய பஸ் டிக்கெட்டுகள். அதிகமாக இருந்தது திருப்பாடல் (சங்கீதம்) 121-ல். உன் போக்கையும் வரவையும் ஆண்டவர் காப்பார் என்று முடியும். முதல் பக்கத்தில் அதைப் போட்டோம், டிக்கெட்டையும் ஸ்கேன் செய்து.

சொல்லாட்சியில் ஒன்று. சிஎஸ்ஐ, லுத்தரன் போன்ற புராட்டஸ்டண்ட் வீடுகளில் 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்' என்பார்கள். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் 'இறைவனில் இளைப்பாறினார்' என்று போடுவது வழக்கம். எந்தச் சபை என்று சொல்லாமல் கடையில் விட்டுவிட்டுப் போனால் மாறிப்போகும், பிறகு பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

கோயிலில் வாசிப்பதாக இருந்தால் சாமியாரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிரசங்க நேரம் வாழ்க்கை வரலாறு சொல்வதற்கானது இல்லை. நன்மை (நற்கருணை) வாங்கி முடிந்து, கடைசி ஆசீருக்கு முன்னால் சில நிமிடம் தருவார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் சத்தமாகப் படித்து, போனில் நேரம் பாருங்கள். அழுகை வருகிற இடம் அப்போதே தெரிந்துவிடும். அந்த இடத்தில் தாளில் ஒரு கோடு போட்டு, மூச்சு விட்டுப் படியுங்கள். முடியாது என்று தோன்றினால் மருமகனிடம் கொடுங்கள், மருமகன்கள் நன்றாகப் படிப்பார்கள்.

அச்சு வேலை சுலபம். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம், அதனால் பக்கம் நான்கின் மடங்கில் வர வேண்டும். இரண்டு தாள், நடுவில் பின், எட்டுப் பக்கம். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ அச்சில் மங்கும், ஆல்பத்தையே கொண்டுவாருங்கள். புரூஃபை வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா கடைக்கே வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டுப் பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். ஆறாம் பக்கத்தில் விரல் நின்றது.

"நாலாவது பெஞ்சுன்னு போட்டிருக்கியே. அவரு தூணுக்குப் பின்னாடி இல்ல உக்காருவாரு?"

"ஏம்மா, அங்கிருந்து பீடமே தெரியாதே?"

"சாமியாருக்கும் இவரு தெரிய மாட்டாரில்ல."

திருத்திவிட்டு 250 பிரதி போட்டேன்.