பழைய எக்ஸ்பி கணினியில் பெரிய ஹார்ட் டிஸ்க் போடும் முன்

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்கு 250 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டப் போகிறீர்களா? முதலில் கையிலிருக்கும் எக்ஸ்பி சிடி எந்தக் காலத்தது என்று பாருங்கள். 2001-இல் வந்த முதல் பதிப்பு என்றால் 137 ஜிபிக்கு மேல் அதற்குத் தெரியாது, ஏனென்றால் அது செக்டர் (டிஸ்க்கில் டேட்டாவை வைக்கும் சிறு துண்டு) எண்களை 28 பிட்டில்தான் எழுதும், ஒரு செக்டருக்கு 512 பைட் வீதம் கணக்குப் போட்டால் அங்கேயே முடிந்துவிடும். நிறுவும்போது வரும் நீலத் திரையில் டிஸ்க் அளவு ஏறக்குறைய 131000 எம்பி என்று காட்டினால் அது இதே எல்லைதான், டிஸ்க் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 (2002) முதல் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் பயாஸும் (கணினியைத் தொடங்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருள்) 48 பிட் எல்பிஏவை, அதாவது செக்டர் எண்களை 48 பிட்டில் எழுதும் முறையை, ஏற்க வேண்டும். பழைய சிடிதான் இருக்கிறது என்றால் 40 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) மட்டும் போட்டு எக்ஸ்பியை நிறுவுங்கள், சர்வீஸ் பேக்கை ஏற்றுங்கள், அப்புறம் எக்ஸ்பியிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் மீதி இடத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

ரொம்ப முக்கியம்: ஏற்கெனவே டேட்டா நிரம்பிய பெரிய டிஸ்க்கை சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பியில் மாட்டி எதையும் எழுதாதீர்கள், இருக்கும் ஃபைல்கள் கெட்டுப்போகலாம்.

3 டிபி டிஸ்க் என்றால் கதையே வேறு. டிஸ்க்கின் பார்ட்டிஷன் விவரங்களைப் பதியும் பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிதான் எல்லை, அதைத் தாண்ட ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும், 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடியைப் படிக்கத் தெரியாது.