மூன்றாம் தடவை விலை பேசவில்லை

கீழக்கரையில் பாய் ஒருவருடைய கடையின் பின்கட்டில், காசு போட்டு ஆடும் இரண்டு வீடியோ கேம் பெட்டிகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. ஒன்றில் 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டு. இரண்டு தடவை போய் விலையை ஏற்றி ஏற்றிக் கேட்டேன். "விக்கிறதுக்கில்ல தம்பி" என்றுவிட்டார்.

மூன்றாம் தடவை விலையே பேசவில்லை. உப்புக்காற்றில் களிம்பேறியிருந்த சர்க்யூட் போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். துருப்பிடித்த காசுப் பெட்டிக்கு எண்ணெய் விட்டேன். (பிக்சர் டியூப் பக்கம் கை வைக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.)

திரை ஒளிர்ந்ததும் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேனோ என்பதுதான் இத்தனை நாளும் அவருடைய பயம். உடைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்றைத் தந்தார். மற்றது பேரனுக்காம். சரி, அதையும் நானே பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.