ஓடும்போது கெண்டைக்கால் வலித்தால்: தமனி நெரிபடுவதைக் கண்டறியும் முறை

ஓடும்போது கெண்டைக்காலில் வலி வந்து, நின்ற சில நிமிடங்களில் மறைந்துவிடுமானால், குறிப்பாகப் புகைப்பழக்கமோ நீரிழிவோ இல்லாத இளம் வயதினர் அதை வெறும் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கெண்டைத் தசையின் உட்புறத் தலை (தொடை எலும்போடு இணையும் மேல்முனை) பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருந்தால், முழங்காலின் பின்னால் செல்லும் தமனியை (காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயை) அது நெரிக்கக்கூடும். 1879இல் எடின்பரோ மருத்துவ மாணவர் ஒருவர் இந்த அமைப்பை முதன்முதலில் விவரித்தார்.

காலைத் தளர்த்திப் படுத்திருக்கையில் எடுக்கும் ஸ்கேன் இயல்பாகவே தோன்றலாம் என்பதால், பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தியபடியும், ரத்த ஓட்டத்தை ஒலி அலைகளால் காட்டும் டாப்ளர் பரிசோதனை செய்யுமாறு கேளுங்கள். பெரும்பாலும் தவறவிடப்படுவது இதுதான். வலி ஒரு காலில் மட்டும் இருந்தாலும் இரண்டையும் சோதிப்பது நல்லது. தசையின் அமைப்பை எம்.ஆர்.ஐ. காட்டும்.

அறுவை சிகிச்சையால் தசையை விடுவிப்பதே முதன்மைத் தீர்வு. தமனியை உள்ளிருந்து விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை மட்டும் வைத்தால் நெரிசல் நீங்காது. தமனி சிதைந்திருந்தால் சிரையை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயை) கொண்டு மாற்றுப்பாதை அமைப்பார்கள். பாதம் திடீரென வெளிறிச் சில்லிட்டு மரத்துப்போனால், உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.