கொடிப் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: அமெரிக்க உள்நாட்டுப் போர் உறைகளில் நடக்கும் தவறுகள்

1861 ஏப்ரலில் சம்டர் கோட்டையில் குண்டு விழுந்து, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் போர் மூண்ட சில வாரங்களிலேயே அமெரிக்காவின் வடக்கு மாநில அச்சகங்கள் தபால் உறைகளில் கொடி, கழுகு, தளபதிகளின் முகம் என்று அச்சடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டன. தூக்குமேடையில் தொங்கும் தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ்கூட உண்டு. இன்னொரு உறையில் அவர் முகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கழுதை தெரியும். நியூயார்க்கின் சார்லஸ் மேக்னஸ் வெளியிட்ட, கையால் வண்ணம் தீட்டிய உறைகளுக்கு இன்றும் தனி மவுசு. இந்தப் படங்களில் மயங்கித்தான் புதிதாக வருபவர்கள் பணத்தை விடுகிறார்கள்.

160 வருடப் பழசு, அதனால் அரிது என்று நினைப்பது முதல் சறுக்கல். இந்த உறைகளை அன்றைக்கே மக்கள் கடிதம் எழுத மட்டும் வாங்கவில்லை. ஆல்பத்தில் ஒட்டவும் வாங்கினார்கள். எனவே தபாலில் போகாத வடக்கு உறைகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. உண்மையில் தபாலில் போய்வந்தவற்றுக்குத்தான் விலை அதிகம்.

மோசடிக்கு வழி திறப்பதும் இந்த விலை வித்தியாசம்தான். தபாலில் போகாத அசல் பட உறை ஒன்று, மலிவாகக் கிடைக்கும் அசல் பழைய ஸ்டாம்ப் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒட்டி, ஸ்டாம்பின் மேல் பாதியாக விழுந்திருக்கும் தபால் முத்திரையின் மிச்சத்தை உறைமேல் வரைந்துவிட்டால் வேலை முடிந்தது. காகிதம், அச்சு, ஸ்டாம்ப் மூன்றும் அந்தக் காலத்தவை என்பதால் புற ஊதா விளக்கை மட்டும் இங்கே நம்ப முடியாது. பின்னாளில் நவீன காகிதத்தில் அச்சிட்ட நகல்களைத்தான் அது எளிதில் காட்டிக்கொடுக்கும். இங்கே பார்க்க வேண்டியது ஸ்டாம்பின் விளிம்பு. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: முத்திரைக் கோடு ஸ்டாம்பிலிருந்து உறைக்குத் தடம் மாறாமல் இறங்குகிறதா? இரண்டு பக்கமும் மையின் நிறம் ஒன்றா? விளிம்போடு வெட்டினாற்போல் நின்றுவிட்டால் சந்தேகப்படுங்கள். அது மட்டுமே போலிக்குச் சான்று அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைக்குப் பதில் பேனாவால் கோடிழுத்து ரத்து செய்த ஸ்டாம்புகளும் அந்தக் காலத்தில் உண்டு.

அடுத்தது தேதி. அன்றைய முத்திரைகளில் பலவற்றில் மாதமும் நாளும்தான் இருக்கும், ஆண்டு இருக்காது. விற்பவர் 1861 என்று சொன்னதும் தலையாட்டிவிடுகிறோம். ஓர் உதாரணம் பார்ப்போம். வடக்குப் படையின் கர்னல் எல்மர் எல்ஸ்வொர்த்தின் சாவுக்குப் பழிவாங்கச் சொல்லும் உறை. முத்திரையில் ஏப்ரல் 20. மேலே 1857 வரிசையின் மங்கிய சிவப்பு 3 சென்ட் ஸ்டாம்ப். எல்ஸ்வொர்த் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு விடுதியின் உச்சியில் பறந்த தெற்கின் கொடியை இறக்கிவிட்டு வரும்போது சுடப்பட்டது 1861 மே 24. அப்படியானால் இந்த ஏப்ரல் 1862-ஆகவோ அதற்குப் பிந்தியதாகவோதான் இருக்க முடியும். ஆனால் 1861 ஆகஸ்ட் முதல் வடக்கில் பழைய ஸ்டாம்புகளை ஊர் ஊராகச் செல்லாததாக்கிவிட்டார்கள். தெற்கின் தபால் நிலையங்களில் தங்கிவிட்ட ஸ்டாம்புகளை யாரும் காசாக்கிவிடக் கூடாது என்பதற்காக எடுத்த நடவடிக்கை அது. நம்மூரில் 2016-இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன மாதிரி. ஆக, படமும் தேதியும் ஸ்டாம்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தப்பிப் போன பழைய ஸ்டாம்ப் கடிதங்களும் உண்டுதான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். பழையது, புதியது இரண்டிலும் வாஷிங்டன் முகமே இருப்பதால் குழப்பம் வரும். பழையதில் மதிப்பு எழுத்தில் மட்டும் இருக்கும். 1861 ஸ்டாம்பில் 3 என்ற எண்ணும் உண்டு.

ஸ்டாம்பே இல்லாத உறையைப் பார்த்து, உதிர்ந்துவிட்டது போல என்று ஒதுக்குவோரும் இருக்கிறார்கள். 1861 ஜூலைச் சட்டப்படி, படைவீரர்கள் காசு கட்டாமலே கடிதம் அனுப்பலாம். பெறுபவர் 3 சென்ட் கொடுப்பார். மூலையில் ‘படைவீரர் கடிதம்’ என்ற குறிப்பும் அதிகாரியின் கையெழுத்தும், பக்கத்தில் 3 என்ற முத்திரையும் இருந்தால் அது முழுமையான உறை. அதன்மேல் ஒரு ஸ்டாம்பைத் தேடி ஒட்டிவைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்!

தெற்கு உறைகள் வேறு கதை. அவை வடக்கு உறைகளைவிட மிகக் குறைவு, விலை அதிகம், போலியும் அதிகம். கொடியின் நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். 1861 மார்ச் தொடக்கத்தில் ஏற்ற முதல் கொடியில் 7 நட்சத்திரங்களே. மற்ற மாநிலங்கள் சேரச் சேரத்தான் எண்ணிக்கை கூடியது. மார்ச் மாத உறை என்று சொல்லி 11 நட்சத்திரக் கொடியைக் காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தெற்கின் கொடிக்குப் பக்கத்தில் அமெரிக்க ஸ்டாம்ப் இருக்கிறதே என்று அவசரப்பட்டு ஒதுக்கவும் வேண்டாம். தபால் துறைத் தலைவர் ஜான் ரீகனின் கீழ் தெற்கின் தபால் துறை முழுப் பொறுப்பேற்றது 1861 ஜூன் 1-இல். அதுவரை பிரிந்துபோன மாநிலங்களிலும் அமெரிக்க ஸ்டாம்புதான் ஓடியது. தெற்கு அரசின் சொந்தப் பொது ஸ்டாம்ப் வந்ததே அக்டோபரில்தான். ஆக, ஏப்ரல், மே மாத முத்திரையோடு அப்படி ஒன்று கிடைத்தால் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய சரக்கு அது.

வாங்கிய பிறகு கெடுப்பதும் நடக்கிறது. கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள்; உறையை விட்டுப் பிரிந்த 3 சென்ட் ஸ்டாம்புக்குப் பெரிய விலை கிடையாது. பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் போட்டுவைத்தால் நாளடைவில் பிசுபிசுப்பு ஏறும். பாலியெஸ்டர் உறை நல்லது. பின்புறம் ஒட்டியிருக்கும் ஆல்பப் பசையைச் சுரண்ட வேண்டாம். உள்ளே கடிதம் இருந்தால் அதைத் தனியாக விற்றுவிடாதீர்கள். முத்திரையில் இல்லாத ஆண்டு பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

விலை கூடிய உறைக்கு நியூயார்க்கின் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்பின் சான்றிதழ் கேட்பது வழக்கம். சான்றிதழ் இருக்கிறது என்றதும் பணத்தை அனுப்பிவிடாமல், நிபுணர்களின் முடிவைச் சொல்லும் கருத்து வரியைப் படியுங்கள். உறை அசல், ஆனால் ஸ்டாம்ப் இந்த உறைக்கு உரியதல்ல என்றுகூட அதில் எழுதியிருக்கலாம். அதோடு, சான்றிதழிலுள்ள புகைப்படத்தில் கறையும் மடிப்பும் ஸ்டாம்பின் சாய்வும் கையிலிருக்கும் உறையோடு பொருந்துகின்றனவா என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள்.