பெட்டி மலிவுதான், வயர் எங்கே?

சென்ற மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களின் கருவிகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு மேஜையில் பச்சிளங்குழந்தைகளுக்கான வார்மர். சந்தை விலையில் பாதி என்றார்கள். சென்சார் வயரின் நுனியில் இதுவரை நான் பார்த்திராத பிளக். "நாங்களே வடிவமைத்தது சார், வேறு எதிலும் பொருந்தாது" என்றான் மாணவன், பெருமையாக.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மின்சாரம் போகும், தூசி படியும் என்பதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கே தெரிகிறது, அவற்றை விட்டுவிடுகிறேன். மலிவாகக் கருவி செய்பவர்கள் வழுக்கி விழும் வேறு சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கென்று ஒரு பிளக்

பல ஆண்டுகளுக்கு முன் நாங்களும் வார்மர்தான் செய்தோம். மேலே ஹீட்டர், கீழே படுக்கை, குழந்தையின் வயிற்றில் ஒட்டும் சென்சார் வயர், அதாவது புரோப். புரோபின் நுனியில் ஒரு தெர்மிஸ்டர்; தோலின் சூட்டுக்கேற்ப அதன் மின்தடை மாறும். அதைப் பார்த்துத்தான் இயந்திரம் ஹீட்டரைக் கூட்டும், குறைக்கும். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். அவ்வளவு பெரிய பெட்டிக்குக் கண் அந்த வயர் ஒன்றுதான்.

பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் பொதுவான புரோப் வகை ஒன்று ஏற்கெனவே உண்டு. 25 டிகிரியில் 2252 ஓம் காட்டும் '400 வரிசை'. நாங்கள் அதைத் தொடவில்லை. வேறொரு தெர்மிஸ்டர் சில ரூபாய் குறைவு என்பது வெளியே சொன்ன காரணம். பெட்டியில் லாபத்தைக் குறைத்துக்கொண்டு, பிரிண்டர்காரர்கள் மையில் சம்பாதிப்பதுபோல் புரோபில் சம்பாதிக்கலாம் என்பது கூட்டத்தில் பேசிய காரணம். எல்லோரும் தலையாட்டினோம்.

ஓராண்டுக்குப் பிறகு மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு வேறு வேலையாகப் போனேன். பிரசவ அறையின் மூலையில் எங்கள் வார்மர் பழைய சேலை போர்த்தி நின்றது. படுக்கையில் பதிவேடுகள்.

"ரிப்பேரா சிஸ்டர்?"

"இல்லை சார், ஹீட்டர் நன்றாகத்தான் எரிகிறது. வயர்தான் போய்விட்டது."

பிளக்கை ஒட்டிய இடத்தில் கழுத்து முறிந்திருந்தது. தினமும் இறுக்கிச் சுற்றி வைத்தால் முறியாமல் என்ன செய்யும்? புரோப் இல்லாமல் கையால் சூட்டை வைத்து ஓட்டலாமே என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. அந்த முறையில் குழந்தையின் சூடு இயந்திரத்துக்குத் தெரியாது. ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அங்கே இரவுப் பணிக்கு இருந்தது அந்தச் சிஸ்டர் ஒருவர்தான். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவந்தார். எங்களைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்.

புது வயர் வாங்கக் கூடாதா? பெட்டி மாவட்டத்திலிருந்து வந்தது. வயரை நிலையத்தின் சில்லறைச் செலவில் வாங்க வேண்டும், அதற்கு மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும். எங்களைத் தவிர உலகத்தில் யாரும் செய்யாத பொருளுக்கு மூன்று விலைப்புள்ளிகளுக்கு அவர் எங்கே போவார்? எங்களுக்கே இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார். ஒற்றை வயருக்கு ஆள் அனுப்பிக் கட்டுப்படியாகாது என்று எங்கள் அலுவலகத்தில் யாரோ குறிப்பெழுதி ஒதுக்கிவிட்டார்கள். திரும்பி வந்து கோப்பைப் பிரித்தால், குறிப்பில் இருந்தது என் கையெழுத்து.

அடுத்த வார்மரில் பொதுப் புரோப், பொது ஜாக், வயரின் கழுத்துக்கு ரப்பர் உறை, பெட்டியோடு இரண்டு உபரி வயர். விலை ஏறியது. அதனாலேயே ஒரு டெண்டரில் தோற்றோம். அந்தத் தோல்வி வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மதுரையில் 1992இல் தொடங்கிய அரோலேப் என்ற கண் மருத்துவப் பொருள் நிறுவனம் முதலில் கையில் எடுத்தது கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை. பிறகு தையல் நூலையும் மருந்தையும். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக வேண்டியிருப்பதை முதலில் மலிவாக்கினார்கள். நாங்களோ பெட்டியை மலிவாக்கிவிட்டு வயரில் கைவைத்தோம்.

உள்ளூர் உதிரிபாக மயக்கம்

கார் உதிரிபாகங்களால் ஆன நியோநர்ச்சர் இன்குபேட்டரை ஆண்டுதோறும் யாராவது எனக்குக் காட்டுகிறார்கள். ஹெட்லைட்தான் அதற்குச் சூடு. 2010இன் சிறந்த 50 கண்டுபிடிப்புகளில் ஒன்றாக டைம் இதழ் அதைச் சேர்த்தது. ஆனால் அது விற்பனைக்கு வரவே இல்லை. பழுது பார்க்கும் மெக்கானிக் கிடைத்தார், தயாரிக்கவும் வாங்கவும் ஆள் கிடைக்கவில்லை. அதை வடிவமைத்த குழுவே ஃபயர்ஃப்ளை என்ற ஒளிசிகிச்சைக் கருவியைச் செய்தபோது வியட்நாமில் ஒரு தயாரிப்பாளரைச் சேர்த்துக்கொண்டது.

வெளிச்சத்தை நம்புவது

பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு ஒளிசிகிச்சையில் வேண்டியது 460–490 நானோமீட்டர் நீல ஒளி. டியூப் போனால் கடையில் கிடைக்கும் வெள்ளை டியூபை மாட்டிவிடுவார்கள். அறை பளிச்சென்றிருக்கும், சிகிச்சை போதுமானதாக இருக்காது. மேலே திட்டிய வாயால் சொல்கிறேன்: இங்கே மட்டும், வெள்ளை டியூப் பொருந்தாதபடி தனி ஹோல்டர் வைக்கலாம். உபரி டியூபைக் கூடவே கொடுத்தால்.

அலாரம்

வீணாக அலறினால் ஸ்பீக்கர் வயரைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

டாக்டரிடம் மட்டும் கேட்பது

கருவி எப்படி இருக்க வேண்டும் என்று, அதைப் பினாயில் ஊற்றித் துடைக்கும் அம்மாவிடமும் கேளுங்கள்.