பின்சில்லுக் காரும் கனடாப் பனியும்: காசு கொடுத்துப் படித்த தவறுகள்

முதல் சினோ, அதாவது பனி, கொட்டுகிற கிழமை நண்பரின் கராஜில் போய் நின்றால் போதும், என் பழைய முட்டாள்தனங்கள் எல்லாம் புதுப்புது முகங்களோடு வந்து இறங்கும். போன நவம்பரில் ஒரு பெடியன் 400 குதிரைவலுவுக்கு மேலுள்ள மஸ்ரங் காரோடு வந்தான், எஞ்சின் பின்சில்லுகளை மட்டும் சுழற்றும் பின்சில்லுக் கார். கையில் இரண்டே இரண்டு வின்ரர் ரயர்.

"அண்ணை, பவர் முழுக்கப் பின்னுக்குத்தானே போகுது. முன்னுக்கு என்னத்துக்கு வீண்செலவு?"

மெதுவாக ஓடுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம்.

பின்னுக்கு மட்டும் வின்ரர் ரயர்

ஸ்காபரோவில் என் முதல் பின்சில்லுக் காருக்கு நானும் இதையேதான் செய்தேன். முன்னுக்குக் கோடைகால ரயர் அப்படியே இருந்தது. முதல் வாரம் ஒரே பெருமை. விளக்குப் பச்சையானதும் வால் ஆடாமல் கிளம்பியது, பக்கத்துக் கார் இருந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் காலை, வீட்டுத் தெருவுக்குள் திரும்பினேன். வேகம் 30ஐத் தாண்டியிராது. ஸ்ரியரிங்கை முறித்ததும் கைக்குப் பாரமே இல்லை, ஏதோ அறுந்துவிட்டதுபோல. சில்லுகள் வலப்பக்கம் திரும்பிவிட்டன, கார் மட்டும் நேரே போனது. பிரேக்கை மிதித்தேன். சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் கடகடவென்று காலை உதைத்தது. நடைபாதைக் கட்டில் அடித்துத்தான் நின்றது. ரிம் பிளந்து, சில்லைத் தாங்கும் கீழ்க்கை வளைந்து, மிச்சம் பிடித்த காசைப்போல மூன்று மடங்கு போயிற்று.

கார் கிளம்புவதற்கு மட்டும்தான் பின்சில்லு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும், அந்த வேலையில் பெரும்பகுதி முன்சில்லுகளுடையது. திருப்புவதும் அவைதான். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினாலே கோடைகால ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும், சினோவே விழத் தேவையில்லை. ஆகவே பின்னுக்கு மட்டும் போட்டவர் செய்வது என்னவென்றால், எளிதாக வேகம் எடுத்து, நிறுத்த முடியாமல் தவிப்பது.

"ஸ்ரபிலிற்றி கொன்ட்ரோல் இருக்குத்தானே" என்பார்கள். கார் வழுக்கினால் சில்லுகளைத் தனித்தனியே பிரேக் பிடித்து நேராக்கப் பார்க்கும் வசதி அது. கனடாவில் 2011 செப்டெம்பரிலிருந்து புதுக் கார்களுக்கு அது கட்டாயம். ஆனால் அது இருக்கிற பிடியைத்தான் பங்கிடும், இல்லாத பிடியை எங்கிருந்து கொண்டுவரும்? சரி, முன்னுக்கு மட்டும் போட்டால்? அது இன்னும் மோசம். வளைவில் வால் உங்களை முந்தப் பார்க்கும்.

நாலும் ஒரே ரகம், மலையும் பனித்துகளும் பொறித்த அடையாளத்தோடு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டம். ஒன்ராறியோவில் சட்டம் இல்லை, ஆனால் 2016 தொடக்கத்திலிருந்து இன்சூரன்ஸ்காரர் கட்டணக் கழிவு தரவேண்டும். ரிம்மை ஓர் அங்குலம் சிறிதாக்கி, ஒடுங்கிய ரயர் போட்டால் சினோவை வெட்டி இறங்கும், விலையும் குறையும். சில்லுக்குள் இருக்கும் பிரேக் கலிப்பரில் (பிரேக்கை இறுக்கும் பகுதியில்) முட்டாதா என்று மட்டும் முதலில் பாருங்கள். பெரிய பிரேக் உள்ள கார்களில் முட்டலாம்.

பயத்தில் காலை வெடுக்கென்று எடுத்தல்

வால் வழுக்கினால் எவருக்கும் கால் தானாக மேலே வரும். அங்கேதான் வினை. எஞ்சின் இழுத்துப் பிடிப்பது முழுக்கப் பின்சில்லில்தான் இறங்கும், அதே நேரம் பாரமும் பின்னுக்கிருந்து முன்னுக்குப் போய்விடும். வழுக்கல் சுழலாகிவிடும். காலை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். போக வேண்டிய இடத்தைப் பார்த்து ஸ்ரியரிங்கைத் திருப்புங்கள். மதிலைப் பார்த்தால் மதிலுக்குத்தான் போவீர்கள். கியர் மாற்றி ஓட்டும் காரென்றால் கிளச்சை மிதித்துவிடுங்கள், சறுக்கும் இடத்தில் கியரை இறக்கவே இறக்காதீர்கள்.

பிடிக்காகப் பின்னுக்கு மண்மூட்டை ஏற்றுதல்

பிக்கப்புக்குச் சரி, டிக்கி வெறுமையாக இருப்பதால். காருக்குப் பின்னச்சுக்கும் பின்னால் பாரம் போனால் வால் ஆட்டம் கூடும். கட்டாமல் போட்டால் அதுவும் சேர்ந்து உருளும்.

ட்ராக்ஷன் கொன்ட்ரோலை நிறுத்துதல்

சில்லு வீணாகச் சுழன்றால் வலுவைக் குறைக்கும் வசதி அது. நிறுத்துவது புதைந்த சினோவிலிருந்து வெளியே வர மட்டும். வந்ததும் போட்டுவிடுங்கள்.

வெறும் பார்க்கிங் லொட்டில் வட்டம் போடுதல்

ஒன்ராறியோ பொலிசுக்கு அது ஸ்ரன்ற் டிரைவிங், அதாவது சாகச ஓட்டம் என்ற குற்றம். 30 நாள் லைசன்ஸ் இல்லை, 14 நாள் காரும் இல்லை.

குரூஸ் கொன்ட்ரோல்

வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் வசதி. சறுக்கும் வீதியில் வேண்டாம்.

ஏப்ரல் வெயிலை நம்பி ரயர் மாற்றுதல்

நான் மாற்றிய மறுநாளே கொட்டியது. பெடியன் இந்த முறை நாலும் வாங்கினான், ஆனால் எப்போது கழற்றலாம் என்று இப்போதே கேட்கிறான்.